வீழ்ந்த மரமும் நின்ற மரமும்: ‘பிழைத்த தென்னந்தோப்பு’ குறித்து

பாரதியார் கவிதைத் தொகுப்பில் ‘தனிப்பாடல்கள்’ என்னும் பகுதியைப் புரட்டிச் செல்வோர் பெரும்பாலும் ‘மழை’ என்னும் பாடலில் நின்றுவிடுவர். இடியும் தாளமும் மோதி எழும் அப்பாட்டின் ஓசை, பின்வரும் பக்கங்களை மறக்கச் செய்துவிடுகிறது. அதனை அடுத்து நிற்கும் ‘புயற்காற்று’, ‘பிழைத்த தென்னந்தோப்பு’ என்னும் இரண்டு சிறு பாடல்களும் அவ்வாறு மறக்கப்பட்டவை. வகுப்பறைக்கு அவை வருவது அரிது. வந்தாலும், முன்னதைப் புயல் வருணனை என்றும் பின்னதை இயற்கை இன்பம் என்றும் இரண்டு சொற்களில் முடித்துவிட்டு, அடுத்த பாடலாகிய ‘அக்கினிக் குஞ்சு’க்குத் தாவிவிடுவதே வழக்கம்.

பின்னதை இயற்கை இன்பம் என்று எழுதும் மாணாக்கர், அது ஒரு பேரழிவுக்குப் பின் பாடப்பட்டது என்பதை எண்ணுவதில்லை. எண்ணுகின்ற மாணாக்கர் ஒருவர் வகுப்பில் இருப்பாராயின், அவர் எழுப்பும் வினா ஆசிரியரைத் திகைக்க வைக்கும். நாடெங்கும் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. கவிஞரோ நின்ற மரங்களுக்கிடையே நிழல் தேடி அமர்ந்து, வெயிலின் இனிமையையும் கவிதையின் இன்பத்தையும் பாடுகிறார். அழிவின் நடுவே இன்பம் பாடுவது தகுமா? இவ்வினாவை எதிர்கொள்ளாமல் இப்பாடலை விளங்கிக்கொண்டதாகச் சொல்ல இயலாது.

முதலில் காலமும் இடமும். பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். ‘புயற்காற்று’ப் பாடலின் தலைப்பின் கீழ் நள ஆண்டு, கார்த்திகைத் திங்கள் எட்டாம் நாள், புதன்கிழமை இரவு என நாள் குறிக்கப்பட்டுள்ளது. அது 1916ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள். கவிஞர் ஒருவர் தம் பாடலுக்கு நாளும் கிழமையும் குறித்து வைப்பது, அந்த நாளைக் கற்பனையிலிருந்து விலக்கி நிறுத்தும் செயல். இது நடந்தது, இந்த இரவில் நடந்தது என்று சான்று பகர்வது போன்றது. வங்கக் கடலில் எழும் வடகிழக்குப் பருவப் புயல்களுக்குக் கார்த்திகை பேர்போன காலம். அவற்றுள் ஒன்று அன்று புதுவையைத் தாக்கியது.

‘புயற்காற்று’ ஆறே அடிகளைக் கொண்டது. ஒரு மனைவி கணவனை எழுப்புகிறாள். கணவன் பராசக்தியை வேண்டுகிறான். மனைவி மீண்டும் பேசுகிறாள். மூன்றே பேச்சுகளில் பாடல் முடிகிறது. பெருங்காற்றின் ஆற்றலைப் பாட நீண்ட விருத்தங்கள் வேண்டும் என்று கருதுவோர்க்கு இது ஒரு பாடம். காற்றும் கடலும் அவள் வாய்மொழியாகவே ஒலிக்கின்றன. தூறல் கதவையும் சாளரத்தையும் துளைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் வந்துவிட்டது என்னும் செய்தி ஒன்றே புயலின் அளவை உணர்த்தப் போதுமானதாகிறது. இங்கே கருதத்தக்கன இரண்டு. கணவனின் வேண்டுதல் தன் வீட்டைக் காக்கும்படி எழவில்லை. ஆதரவற்ற குழந்தைகள் துன்புறலாகாது என்றே எழுகிறது. மனைவியின் இறுதிப் பேச்சோ, முன்தினம் வரை தாங்கள் குடியிருந்த வேறொரு வீட்டை நினைவுகூர்கிறது. அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் நடுக்கமும், தப்பினோம் என்னும் நன்றியும் அதில் கலந்துள்ளன. ஒரு நாள் இடைவெளியில் உயிர் தப்பியவர்களின் குரல் அது. அந்தக் குரலைக் கேட்ட செவியோடுதான் அடுத்த பாடலுக்குள் நுழைய வேண்டும். தொகுப்பில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பது படிப்போருக்குக் கிடைத்த வசதி. ஆயினும் அதனைப் பயன்படுத்துவோர் சிலரே.

‘பிழைத்த தென்னந்தோப்பு’ சிந்து நடையில் அமைந்த எட்டுக் கண்ணிகளால் ஆனது. இரவு பகலாகியிருக்கிறது. உரையாடல் போய்த் தனிக்குரல் வந்திருக்கிறது. வீட்டின் உள்ளிடம் நீங்கி வயல்வெளி விரிகிறது. வயலுக்கு நடுவே, நீர் நிறைந்த மடுவின் கரைக்குக் கவிஞர் வருகிறார். அருகில் ஒருவரும் இல்லை. அவர் எதற்காக வந்தார் என்பதைப் பாடலே முதற்கண்ணியில் சொல்லிவிடுகிறது. ஆறுதல் கொள்ள வந்தார். இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டவர்களே இப்பாடலை உல்லாசப் பாட்டு என்று கொள்வர். ஆறுதல் தேடுவோன் புண்பட்டவன். ஆறுதல் என்னும் சொல்லே தணிதல், புண் ஆறுதல் என்னும் பொருள்களைத் தன்னுள் கொண்டது. குயில் பாட்டில் புதுவைக்கு மேற்கேயுள்ள மாஞ்சோலைக்குச் சென்றவர் கனவில் மூழ்கினார். இந்த வயல்வெளிக்கு வந்தவரோ கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். முதலில் அவர் காண்பது அழிவையே.

வீழ்ந்த மரங்களைக் கணக்கிட முடியுமா என்று கேட்கிறது இரண்டாம் கண்ணி. அவை நாற்றுப் போலச் சிதறிக் கிடக்கின்றன என்கிறது. இந்த உவமையை மேலோட்டமாகப் பார்ப்போர், பெரிய மரங்களைச் சிறிய நாற்றாக்கிக் காற்றின் வலிமையைக் காட்டியுள்ளார் என்று மட்டும் எழுதுவர். அது சரியே. ஆனால் அதற்கு மேலும் அங்கே பொருள் உண்டு. கவிஞர் நிற்கும் இடம் வயல். நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்றுமுடிகளை நடவுக்கு முன் வயலெங்கும் வீசியிருக்கும் காட்சி, வயல் சார்ந்து வாழும் எவருக்கும் பழகியது. உவமை அந்த இடத்திலேயே பிறந்தது, ஏட்டிலிருந்து வந்ததன்று. வேரோடு பறிக்கப்பட்டுச் சிதறுதல் என்னும் செயல் இரண்டுக்கும் பொது. ஆனால் நாற்று பறிக்கப்படுவது மீண்டும் நடப்படுவதற்காக. மரம் பறிக்கப்பட்டால் முடிந்தது. நடவின் தொடக்கத்துக்கு உரிய காட்சியைக் கொண்டு ஒரு முடிவைச் சொல்லும்போது, ஒப்புமைக்குள்ளேயே ஒரு முரண் புகுந்துகொள்கிறது. அவலத்தை ஓலமிட்டுச் சொல்லாமல் ஓர் உழவுக்காட்சியில் அடக்கிச் சொல்வது இப்பாடலின் இயல்பு.

அடுத்து வருகிறது தோப்பு. ஒரு சிறிய மேட்டில் இருக்கும் சிறிய தென்னந்தோப்பு. அது ஓர் ஏழையின் உடைமை. வாயு அதனைப் பொடியாக்கவில்லை. தோப்பின் எழிலையோ இளநீரின் சுவையையோ பாடல் பேசவில்லை. அது யாருடையது என்பதையே முதலில் சொல்கிறது. இயற்கைப் பாடலில் உடைமையாளனுக்கு என்ன வேலை? இங்கே வேலை உண்டு. முந்திய பாடலில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக வேண்டிய கணவனின் நெஞ்சமே, இந்தப் பாடலில் ஏழையின் தோப்பைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. இரவில் வேண்டிக்கொண்டவன், பகலில் வந்து அந்த வேண்டுதலில் ஒரு சிறு பகுதியேனும் நிறைவேறியதா என்று பார்க்கிறான். பாடலின் மகிழ்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. தன் வீடு நின்றதற்காகக் கவிஞர் களித்திருந்தால் மாணாக்கரின் வினா நியாயமாகும். அவர் களிப்பது பிறன் ஒருவனின், அதிலும் வறியவன் ஒருவனின், பிழைப்பு நிலைத்ததற்காக.

பிழைப்பு என்னும் சொல் இங்கே தற்செயலாக வரவில்லை. பாடலின் தலைப்பிலுள்ள ‘பிழைத்த’ என்பதற்கு உயிர் தப்பிய என்பது நேர்ப்பொருள். பிழைத்தல் என்பதற்கு வாழ்க்கை நடத்துதல் என்றும் பொருள் உண்டு. தவறு செய்தல் என்னும் பொருளும் உண்டு. ஒரு தென்னந்தோப்பு தப்பிப் பிழைத்தால், அதனை நம்பிய குடும்பமும் பிழைக்கும். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகளுக்குக் குறையாது. அதன் பின்னர் தலைமுறை கடந்தும் பலன் தரும். நெல் அழிந்தால் அடுத்த பருவத்தில் விதைக்கலாம். தென்னை சாய்ந்தால் ஒரு குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போகும் காலம் வரை காத்திருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலுக்குப் பின், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் சாய்ந்து கிடந்த தென்னைகளின் நடுவே நின்று அழுத உழவர்களைக் கண்டவர்களுக்கு, ஏழையின் தோப்பு என்று பாரதியார் குறித்ததன் கனம் விளங்கும். அக்கண்ணிக்கு அகராதியைவிட அந்தத் தோப்புகளே நல்ல உரை.

நான்காம் கண்ணியில் பாடலின் நேர்மை வெளிப்படுகிறது. ஏழையின் தோப்பு முழுவதும் தப்பிவிட்டது என்று கவிஞர் சொல்லியிருந்தால் அது ஒரு நீதிக்கதையாகியிருக்கும். அவர் அவ்வாறு சொல்லவில்லை. சில மரங்கள் வீழ்ந்தன, பல எஞ்சின என்கிறார். நாடு முழுவதும் வீழ்ந்த மரங்களைக் கணக்கிடல் ஆகாது என்றவர், இந்தச் சிறு தோப்பில் மட்டும் சிலவும் பலவும் எனக் கணக்குப் பார்க்கிறார். ஏழைக்குச் சில மரங்களின் இழப்பும் இழப்பே. அதனை மறைக்காமல் சொல்லிய பின்னரே வாயு பொறுத்துவிட்டான் என்று முடிக்கிறார். பிழை என்ற சொல்லை ஒட்டிப் பொறுத்தல் என்ற சொல் வருவதைத் தமிழாசிரியர்கள் கவனிக்கத் தவறக்கூடாது. பிழை பொறுத்தருளுமாறு இறைவனை வேண்டுவது தமிழ் வழிபாட்டின் பழகிய மொழி. இந்தத் தோப்பு செய்த பிழைதான் என்ன? ஒன்றும் இல்லை. சினந்து வரும் பேராற்றலின் முன் எளியோன் நிற்கும்போது, செய்யாத பிழைக்கும் பொறுத்தருளல் வேண்டியதாகிறது. ‘பிழைத்த’ என்னும் ஒரு சொல்லில் தப்பியதும், வாழ்வு நடத்துவதும், மன்னிக்கப்பட்டதும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. வேறு மொழியில் இத்தலைப்பைப் பெயர்க்க முயல்வோர் இவற்றுள் ஒன்றையேனும் இழக்க நேரிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வாயு ஏழைக்காகப் பொறுத்தான் என்றால், வீழ்ந்த மரங்களுக்கு உரியவர்கள் எல்லாரும் செல்வரா? அவர்களுள்ளும் ஏழையர் இருந்திருப்பரே. இம்மறுப்பு வலியது. பாடலில் இதற்கு விடை இல்லை. இயற்கை நூல் கற்றவர் வேறு காரணம் காட்டவும் கூடும். தென்னைக்கு ஆணிவேர் இல்லை. அடிமரத்தைச் சுற்றிப் பரவும் நார்வேர்களே அதன் பிடிப்பு. மழைநீர் தேங்கி மண் இளகிய தாழ்நிலத்தில் அப்பிடிப்பு நெகிழும். நீர் தேங்காத மேட்டில் மண் இறுகி நின்று மரத்தைக் காத்திருக்கலாம். தோப்பு ஒரு திட்டையில் இருந்தது என்று கவிஞரே சொல்லியிருக்கிறார். கண்ட உண்மையைச் சொல்லிவிட்டு, அதன் பக்கத்திலேயே நன்றியையும் வைக்கிறார். ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்கி அவர் வாதிடவில்லை. நன்றி கூறுவோன் உலகத்து நீதிக்கெல்லாம் விளக்கம் கூறக் கடமைப்பட்டவன் அல்லன். அவன் முன்னே நிற்பது ஒரு தோப்பு. அதற்காக அவன் நன்றி சொல்கிறான். இப்பாடலில் இறைநீதிக் கொள்கை ஒன்றை ஏற்றிப் படிப்பதே பிழையான படிப்பு.

இதனைப் பாரதியாரின் மற்றொரு படைப்போடு ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். அவருடைய வசன கவிதையில் காற்றை நோக்கிப் பேசும் பகுதி ஒன்றுண்டு. அங்கே காற்றுத் தெய்வம் நொய்ந்தவற்றை நொறுக்குகிறது. வீட்டையும் உடலையும் உயிரையும் திடப்படுத்திக்கொண்டால் அத்தெய்வம் நண்பனாகும் என்னும் அறிவுரை அங்கே வருகிறது. வலிமை பாடிய கவிஞரின் பழகிய குரல் அது. ‘பிழைத்த தென்னந்தோப்’பில் அக்குரல் ஒலிக்கவே இல்லை. வீழ்ந்தவை நொய்ந்தவை என்றோ, நின்றவை வலியவை என்றோ ஒரு சொல்லும் இல்லை. உண்மையான இழப்பின் முன் நிற்கும்போது, இழந்தவனைப் பார்த்து நீ வலிமையோடு இருந்திருக்கலாமே என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். புயலை எண்ணிப் பாடுவதும் புயலுக்குப் பின் பாடுவதும் வேறு வேறு என்பதற்கு இவ்விரண்டு படைப்புகளும் சான்று.

தமிழில் அழிவுக்குப் பின் பாடும் மரபு புதியதன்று. கையறுநிலை என்னும் புறத்துறை அதற்கென்றே அமைந்தது. பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடல் அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் எதிரெதிரே வைத்து, இடையில் நேர்ந்த இழப்பை உணர்த்துகிறது. அது போர் தந்த அழிவு. இது காற்று தந்த அழிவு. எனினும் பாடும் முறையை ஒப்பிடலாம். கையறுநிலையின் அடிப்படை, முன்பு இருந்தது இப்போது இல்லை என்பது. காலத்தை இரண்டாக வெட்டிக் காட்டினால் துயரம் தானே எழும். பாரதியார் காலத்தை வெட்டவில்லை. புயலுக்கு முன் அந்த நாடு எப்படிப் பசுமையாக இருந்தது என்று ஓர் அடிகூடப் பாடவில்லை. வீழ்ந்தவை இங்கே, நின்றவை அங்கே என்று இடத்தைப் பிரிக்கிறார். கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்கிறது. ஆகவே பாடல் புலம்பலாக முடியாமல் ஆறுதலாக முடிய இடம் கிடைக்கிறது. மரபை அறிந்த கவிஞர் மரபின் வழியே செல்லாது விட்ட இடம் இது. இந்த விலகலைச் சுட்டிக்காட்டினால் மாணாக்கருக்குச் சங்கப் பாடலும் விளங்கும், பாரதியும் விளங்கும்.

ஐந்தாம் கண்ணியிலிருந்து பாடல் ஒளிக்குள் நுழைகிறது. தனிமையில் ஒரு சாரம் உண்டு என்கிறார். பனியை ஓட்டும் வெயிலைத் தேம்பாகு என்கிறார். ஞாயிறு வானில் நிற்கிறது. கதிர்கள் பரவிப் பாடுகின்றன. சாரம், பாகு ஆகிய சொற்கள் நாவுக்கு உரியவை. கண்ணால் காணும் ஒளியை நாவால் சுவைக்கிறார் கவிஞர். நாள்தோறும் காயும் வெயிலை இவ்வாறு சுவைக்க யாருக்குத் தோன்றும்? உயிர் போய்விடும் என்று அஞ்சி ஓர் இரவைக் கழித்தவனுக்குத் தோன்றும். சுவையுணர்ச்சி திரும்பியிருப்பது அவன் மீண்டுவிட்டான் என்பதற்கு அடையாளம். நோயிலிருந்து எழுந்தவனுக்குக் கஞ்சியும் அமுதாகும் என்பது வீடுதோறும் அறிந்த செய்தி.

இத்தனைக்கும் நடுவில் கவிஞர் அமர்வது ஒரு சிறு நிழலில். சிறிய மேடு, சிறு தோப்பு, சிறிய நிழல் எனச் சிறுமையே திரும்பத் திரும்ப வருகிறது. ஒளியோ பெருந்திரள். அதனிடையே மனிதனுக்குக் கிடைத்த இடம் சிறிதுதான் என்பதைப் பாடல் மறக்கவில்லை. இந்தத் திட்டை ஆங்கில ஆட்சிக்கு நடுவே பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்ற புதுவையைக் குறிக்கும் என்றும், நின்ற மரங்கள் அங்கு அடைக்கலம் புகுந்த தேசபக்தர்களைக் குறிக்கும் என்றும் உருவகமாகப் பொருள் கொள்ள ஒருவருக்கு ஆசை எழலாம். ஆசை எழுவது குற்றமன்று. ஆனால் அவ்வாறு கொண்டால் அந்த ஏழை மறைந்துவிடுவான், அவனுடைய மரங்களும் மறைந்துவிடும். உருவகத்துக்காக ஓர் ஏழையை இரண்டாம் முறை இழக்கச் செய்வது நல்ல திறனாய்வு ஆகாது.

ஏழாம் கண்ணியில் ஒரு குறையும் சொல்ல வேண்டும். நிழலில் அமர்ந்தவர், கவிதையில் என்றும் நிலைக்கும் இன்பத்தை அறிந்துகொண்டதாகச் சொல்கிறார். தோப்பிலிருந்து கவிதைக்குத் தாவும் இத்தாவல் திடீரென்று நிகழ்கிறது. கதிர்கள் பாடின என்று முன்னரே சொல்லியிருப்பதால் பாட்டு என்னும் எண்ணம் ஓரளவு ஊன்றப்பட்டிருக்கிறது. எனினும் மேலும் ஒரு கண்ணி இடையில் இருந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. மரம் வீழும், தோப்பு வீழும், வீடு வீழும், சொல் நிற்கும் என்பது உட்கிடை. பாடல் அதனை விரித்துரைக்காமல் படிப்போரிடம் விட்டுவிடுகிறது. இந்த அடி தனியே எடுத்தாளப்பட்டால் வெறும் கவிதைப் புகழ்ச்சியாகத் தேய்ந்துவிடும். அதைத் தாங்கி நிற்பது அதற்கு முன் வரும் நிழல்தான். புயலுக்குப் பின் நின்ற மரம் தந்த நிழல் என்பதால்தான் நிலைத்தல் என்னும் சொல்லுக்கு அங்கே எடை சேர்கிறது.

இறுதிக் கண்ணி பராசக்தி வாழ்த்து. பாரதியார் பாடல்கள் பலவற்றின் முடிவு இதுவே என்று பலர் இதனைக் கடந்து செல்வர். கடக்கக்கூடாத இலக்கணச் சிக்கல் ஒன்று கடைசிச் சொல்லில் உள்ளது. அச்சொல் ‘மறவாதே’. இதனை எதிர்மறை ஏவலாகக் கொண்டால், கவிஞர் தம் வாக்கை அழைத்து, இதனை மறந்துவிடாதே என்று கட்டளையிடுகிறார். ‘மறவாது’ என்னும் எதிர்மறை வினைமுற்றோடு தேற்ற ஏகாரம் சேர்ந்ததாகக் கொண்டால், என் வாக்கு இதனை மறவாது என்று பராசக்திக்கு உறுதி கூறுகிறார். முன்னது தன் மறதியை அஞ்சும் மனத்தைக் காட்டுகிறது. பின்னது தன் சொல்லை நம்பும் மனத்தைக் காட்டுகிறது. வாழ்த்து என்னும் இடச்சூழல் பின்னதற்கே துணை நிற்பினும், முன்னதைத் தள்ளிவிட இலக்கணம் இடம் தரவில்லை. எதை மறவாதிருத்தல் என்னும் வினாவும் உடன் எழுகிறது. ‘இதை’ என்று கவிஞர் சுட்டுவது அடுத்து நிற்கும் வாழ்த்தையா, கவிதை இன்பத்தையா, அந்தப் பகல் முழுவதையுமா? அருகில் நிற்பதைச் சுட்டும் என்பது பொதுவிதி. அவ்வாறு கொண்டால் வாழ்த்தே பொருளாகும். ஆனால் வாழ்த்துவோர் வாழ்வார் என்பதற்குச் சான்றாகப் பாடலில் நிற்பது அந்த ஏழையின் தோப்பு ஒன்றே. ஆதலின் வாழ்த்தை நினைவில் வைக்கும் வாக்கு தோப்பையும் உடன் நினைவில் வைத்தாக வேண்டும். எஞ்சிய மரங்களோடு, அதே தோப்பில் வீழ்ந்துபட்ட சில மரங்களையும்.